எஃப்சில ஃபெயில்னா ஏன்னு எழுதி குடுங்க சார்: போக்குவரத்து துறைக்கு ஒரு குட்டி யானை டிரைவரோட திறந்த மடல்

போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், தமிழ்நாடு முழுக்க வெயில்ல கிரவுண்ட்ல நின்னு எஃப்சி (வண்டி ரோட்டுல ஓட தகுதியா இருக்குன்னு குடுக்குற ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) பாக்குற மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும் (நாங்க இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர்னுதான் சொல்றோம், கோச்சுக்காதீங்க) வணக்கம்.

நான் குட்டி யானை ஓட்டுறவன். 2014 மாடல் டாடா ஏஸ், ஓனரும் நானே டிரைவரும் நானே, ஆள் வரலேன்னா லோடுமேனும் நானே. முருங்கைக்காய் சீசன்ல ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓடுவேன், மத்த நேரம் சிமெண்ட், பந்தல் சாமான், வீடு காலி பண்றவங்க சாமான்னு எது கெடைக்குதோ அது. எந்த ஆபீஸ்ல எனக்கு நடந்துச்சுன்னு பேரு போடல, ஏன்னா அடுத்த வருஷமும் வண்டிய அங்கதான் கொண்டுபோய் நிறுத்தணும். அதுவும் இல்லாம இது ஒரு ஆபீஸ் கதை மட்டும் இல்ல, ஸ்டாண்டுல யார கேட்டாலும் இதே மாதிரி ஒண்ணு சொல்லுவான்.

முதல்லயே சொல்லிடுறேன், எஃப்சி வேண்டாம்னு சொல்ல நான் வரல. எஃப்சி வேணும். 2012 ஜூலைல தாம்பரம் பக்கம் முடிச்சூர்ல ஸ்கூல் பஸ்ஸோட தரைல இருந்த ஓட்டை வழியா ரெண்டாம் கிளாஸ் படிச்ச புள்ள கீழ விழுந்து அதே பஸ்ஸோட சக்கரத்துல செத்துப்போச்சே, யாருக்கும் மறந்திருக்காது. அந்த பஸ்ஸுக்கு எஃப்சி இருந்துச்சு. பேப்பர்ல வண்டி நல்லா இருந்துச்சு, தரைல ஓட்டை இருந்துச்சு. அதுக்கப்புறம் ஹைகோர்ட் தானா கேஸ் எடுத்து, அரசாங்கம் அதே வருஷம் ஸ்கூல் பஸ்ஸுக்குன்னு தனி ரூல் போட்டு, இப்ப வருஷா வருஷம் மே மாசம் வருவாய்த்துறை, போலீஸ், கல்வித்துறை, ஆர்டிஓன்னு எல்லாரும் சேர்ந்து கிரவுண்ட்ல ஒவ்வொரு பஸ்ஸா ஏறி எறங்கி பாக்குறீங்க. பிளாட்பாரம், எமர்ஜென்சி கதவு, படிக்கட்டு உயரம், ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ், எதெல்லாம் பாப்பாங்கன்னு ஸ்கூல் பஸ் டிரைவர் முன்னாடியே சொல்லுவான். என் வண்டில எத பாப்பாங்கன்னு கேட்டீங்கன்னா பத்து வருஷமா எஃப்சி காட்டுற எனக்கே தெரியாது.

போன தடவ என்ன ஆச்சுன்னு சொல்றேன். பணம் கட்டி, தேதி வாங்கி, இன்சூரன்ஸ், டாக்ஸ், பொல்யூஷன் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து, சேஸ் நம்பர பென்சில்ல தேச்சு எடுத்து, காலைல ஏழு மணிக்கே போய் லைன்ல போட்டேன். எனக்கு முன்னாடி ஒரு டிப்பர், பின்னாடி ரெண்டு ஷேர் ஆட்டோ. சார் வந்தப்ப மணி பதினொண்ணு. வண்டிய ஒரு சுத்து சுத்தினாரு, முன் பம்பர்ல பேனாவால ரெண்டு தட்டு தட்டினாரு, "பெயிண்ட் டல்லா இருக்கு, பின்னாடி ஸ்டிக்கர் உரிஞ்சிருக்கு, சரி பண்ணிட்டு வா"ன்னாரு. வேற ஏதாச்சும் இருக்கா சார்னு கேட்டேன், மொதல்ல இத பண்ணுன்னுட்டு டிப்பர் பக்கம் போயிட்டாரு. சாவிய வாங்கி ஸ்டார்ட் பண்ணி முன்ன பின்ன எடுத்துக்கூட பாக்கல.

பட்டி பாத்து டிங்கரிங் பெயிண்ட் வேலைக்கு 11,000 ரூபா, முன்னாடி வெள்ளை சைடுல மஞ்சள் பின்னாடி செவப்புன்னு ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கர் புதுசா ஒட்டுனதுக்கு தனியா. அடுத்த வாரம் போனா வேற சாரு. அவருக்கு பெயிண்ட் புடிச்சிருந்துச்சு, ஆனா ஹெட்லைட் செட்டிங் சரியில்லையாம். மொத நாளே ரெண்டையும் சொல்லியிருந்தா ஒரே நடைல முடிச்சிருப்பேன்ல? மூணாவது தடவ பாஸ். மூணு நாள் வண்டி ஓடல, மூணு நாள் லோடு வேற வண்டிக்கு போச்சு, அதுல ஒரு பார்ட்டி அப்படியே அந்த வண்டிக்காரனோட செட் ஆகி இன்னிக்கு வரைக்கும் திரும்பி வரல.

இதுக்கு மேலதான் விஷயமே. பாஸ் ஆகி பதினாறாவது நாள், விடியக்காலைல முருங்கைக்காய் லோடோட ஒரு பாலத்து எறக்கத்துல பிரேக் அடிக்கிறேன், வண்டி நேரா நிக்காம வலது பக்கமா இழுக்குது, பெடல் வழக்கத்த விட உள்ள போகுது. எதிர்ல வண்டி இல்லாததால இத எழுதுறேன். மெக்கானிக் எடது பின் சக்கர டிரம்ம கழட்டி காட்டுனாரு, வீல் சிலிண்டர் லீக், பிரேக் ஆயில் கசிஞ்சு கசிஞ்சு லைனிங் ஃபுல்லா ஊறிப்போயி கையில தொட்டா வழவழன்னு இருக்கு. இது நேத்து வந்த லீக் இல்லண்ணே, ஒரு மாசமாச்சும் ஆகியிருக்கும்னாரு. கணக்கு போட்டு பாருங்க, மூணு தடவையும் நான் கிரவுண்ட்ல நின்னப்ப அந்த லீக் இருந்திருக்கு. சிலிண்டரும் லைனிங்கும் மாத்த ஆன செலவு, பெயிண்டுக்கு ஆனதுல கால்வாசி கூட இல்ல.

எங்க மேலயும் தப்பு இருக்கு, ஒத்துக்குறேன். எஃப்சிக்குன்னு ஒரு நாளைக்கு மட்டும் நல்ல டயர் வாடகைக்கு எடுத்து மாட்டிட்டு சாயங்காலம் கழட்டி குடுக்குறவங்கள எனக்கு தெரியும். நானே ஒரு வருஷம் தீயணைக்கிற சிலிண்டர பக்கத்து ஸ்டாண்டு நண்பன்கிட்ட கடன் வாங்கி மாட்டியிருக்கேன். ஏன் அப்படி பண்றோம்னா, எஃப்சிங்கறது எங்களுக்கு வண்டிய சோதிக்கிற நாளா இல்லாம வண்டிய காட்டுற நாளா ஆயிடுச்சு. வார்த்தைய பாருங்களேன், யாராச்சும் எஃப்சி எடுக்கப் போறேன்னு சொல்றாங்களா? எஃப்சி காட்டப் போறேன்னுதான் சொல்றோம், பொண்ணு காட்டுற மாதிரி. டயர்ல பட்டன், அதாவது மேல இருக்குற வரியோட ஆழம், 1.6 மில்லிமீட்டருக்கு கீழ போனா மாத்தணும்னு ரூல்ல இருக்குங்கறது எங்க ஸ்டாண்டுல பாதி பேருக்கு தெரியாது, ஆனா எந்த கலர் ஸ்டிக்கர் எந்த பக்கம்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவான், ஏன்னா அதுக்குத்தான் திருப்பி அனுப்புறீங்க.

இப்ப நான் கேக்க வந்தத கேக்குறேன். தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் வீடு மாறினப்ப சாமான் ஏத்திட்டு போனேன், வழியில இத பொலம்புனேன், அவர்தான் சொன்னாரு: 1988 மோட்டார் வாகன சட்டம் 56வது பிரிவ படிச்சியான்னு. அதுல, எஃப்சி தர மறுத்தா ஏன் மறுக்குறோம்னு வண்டி ஓனருக்கு எழுத்துல காரணம் குடுக்கணும்னு தெளிவா இருக்காம். எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு. நான் வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே, அப்பா அம்பாசடர் டாக்ஸி ஓட்டுன காலத்துலேயே இருந்த சட்டம் சார் இது. இத்தன வருஷத்துல ஒருத்தர் கையில அந்த பேப்பர நான் பாத்ததில்ல. வாயால சொல்றது, பேனாவால தட்டுறது, இல்லேன்னா வெளிய நிக்கிற ஏஜென்ட் வந்து காதுல சொல்றது, இதுதான் காரணம். காரணம் பேப்பர்ல இல்லாததாலதான் ஏஜென்டுக்கு அங்க வேலையே இருக்கு. பேப்பர்ல "எடது பின் பிரேக் பலம் கம்மி"ன்னு எழுதியிருந்தா நான் நேரா மெக்கானிக்கிட்ட போவேன், ஏஜென்ட்டுகிட்ட எதுக்கு போறேன்?

எழுதி குடுத்தா இன்னொரு லாபம், அடுத்த தடவ வேற சாரு வந்தாலும் அந்த பேப்பர்ல இருக்கறத சரி பண்ணியிருக்கேனான்னு மட்டும் பாத்தா போதும், முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம். எட்டு வருஷம் வரைக்கும் உள்ள வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அதுக்கு மேல போனா வருஷா வருஷம்னு வச்சிருக்கீங்க, சரி, பழைய வண்டிக்கு அது நியாயம்தான். ஆனா தேதி தாண்டிட்டா நாளுக்கு 50 ரூபான்னும் ரூல் இருக்கு, எஃப்சி இல்லாம ஓட்டுனா ரிஜிஸ்ட்ரேஷனே இல்லாத வண்டி மாதிரின்னு சட்டம் சொல்லுது, அந்த நேரத்துல ஆக்சிடெண்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரனும் கைய விரிப்பான். நீங்க ஒவ்வொண்ணா சொல்லி மூணு நடை நடக்க வைக்கிற அந்த இடைவெளில தேதி முடிஞ்சா அது யார் தப்பு?

சொந்த கார் பைக் வச்சிருக்கறவங்க இது மஞ்ச போர்டு வண்டி பிரச்சனைன்னு ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிடாதீங்க. பதினஞ்சு வருஷம் முடிஞ்சா உங்க வண்டியையும் இதே கிரவுண்டுக்கு கொண்டு வந்து காட்டித்தான் ஆர்சி புதுப்பிக்கணும், அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா. அப்ப உங்க பம்பர்லயும் பேனா தட்டும்.

அடுத்து மெஷின் விஷயம். தானியங்கி சோதனை மையம்னு 2021 செப்டம்பர்ல மத்திய அரசு ரூல் போட்டாங்க, கட்டாயம்ங்கற தேதிய தள்ளி தள்ளி கடைசில 2024 அக்டோபர் 1ல கொண்டு வந்து நிறுத்துனாங்க, மையம் இருக்குற எல்லைக்குள்ள உள்ள வண்டி அங்கதான் போகணும்னு. எங்க சங்கத்துல பாதி பேரு இதுக்கு எதிர்ப்பு, தனியார் கையில குடுத்தா பழைய வண்டியெல்லாம் கழிச்சுக் கட்டிடுவாங்கன்னு பயம். அந்த பயம் பொய்னு நான் சொல்லல. ஆனா என் எடது பின் சக்கரத்த நெனச்சா எனக்கு மெஷின் மேல ஒரு ஆசையும் இருக்கு. ரோலர் மேல சக்கரத்த ஏத்தி சுத்தவிட்டு பிரேக் அடிச்சா ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு புடிக்குதுன்னு தனித்தனியா நம்பர் வந்துடும், எடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் அதிகமா இருந்தா அதுவே காட்டிக்குடுத்துடும். ஊறிப்போன லைனிங்க புது பெயிண்ட் அடிச்சு மறைக்க முடியாது. ஸ்டியரிங் பிளே, ஹெட்லைட் எங்க அடிக்குது, புகை எவ்வளவு, எல்லாம் அளந்து பாக்குறது. அந்த மையத்துக்காரங்க ரிப்பேர் வேலையோ ஸ்பேர் வியாபாரமோ பண்ணக்கூடாதுன்னும் ரூல்ல இருக்கு, அது ரொம்ப நல்ல ரூல், இல்லேன்னா ஃபெயில் பண்றவனே பக்கத்து ஷெட்டுல பில்லும் போடுவான்.

ஆனா மையம் எங்க இருக்குன்னு எங்களுக்கு யாரு சொல்றது? இங்கயும் ஏஜென்ட்தான் சொல்றான். ஒரு டிரைவர் ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல வந்து நின்னா, உன் வண்டிக்கு, உன் ஏரியாவுக்கு எஃப்சி எங்க, இந்த கிரவுண்டா, மெஷின் மையமா, எத்தன கிலோமீட்டர், என்னிக்கு லைட் வண்டி என்னிக்கு ஹெவி வண்டி, எவ்வளவு ஃபீஸ், இத ஒரு ஃப்ளெக்ஸ்ல எழுதி வைக்க என்ன ஆகப்போகுது? கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாப்பது அடிக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊரு சார் இது. வெப்சைட்ல இருக்குன்னு சொல்லாதீங்க, அந்த வெப்சைட்ல இங்கிலீஷ்ல நாலு பக்கம் தாண்டி ஓடிபி வர்றதுக்குள்ள பிரௌசிங் சென்டர்காரன் நூறு ரூபா வாங்கிடுறான். வெறும் வண்டிய 60 கிலோமீட்டர் ஓட்டிட்டு போயி, இன்னிக்கு உன் கேட்டகிரி இல்லைன்னு திரும்பி வந்தா டீசல் யாரு குடுப்பா? முடிஞ்சா தாலுகா தாலுகாவா மாசத்துல ஒரு நாள் கேம்ப் போடுங்க, மே மாசம் ஸ்கூல் பஸ்ஸுக்கு அத்தன அதிகாரிங்கள ஒரே கிரவுண்டுல கூட்ட முடியுதுல்ல.

மெஷின் வந்தாலும் என் பழைய கோரிக்கை அப்படியேதான் நிக்குது. அது கக்குற ரிப்போர்ட் தமிழ்ல இருக்கணும். நம்பரும் கோடும் மட்டும் போட்டு ஃபெயில்னு சீல் குத்தி குடுத்தா, அந்த பேப்பர படிச்சு சொல்ல மறுபடியும் வாசல்ல ஒருத்தன் நிப்பான். "பின் சக்கரம் எடது, பிரேக் போதாது" அவ்வளவுதான், இது போதும், என் மெக்கானிக் மீதிய பாத்துக்குவாரு. முன்னாடியே எதெல்லாம் பாப்போம்னு ஒரு பக்க லிஸ்ட், அது ஃபீஸ் ரசீதோட சேர்ந்தே வந்துட்டா இன்னும் நல்லது, வீட்டுலயே ஒவ்வொண்ணா டிக் அடிச்சு பாத்துட்டு வருவோம்.

கிரவுண்ட்ல நிக்கிற சாருங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு எத்தன வண்டி, எத்தன சிபாரிசு ஃபோன், மேல இருந்து என்ன பிரஷர்னு நாங்களும் பாத்துட்டுதான் இருக்கோம். ஒவ்வொரு வண்டிக்கும் அடில படுத்து பாருங்கன்னு சொல்லல. ஏறி உக்காந்து இருபது அடி ஓட்டி ஒரு பிரேக் அடிங்க, அது போதும். உங்கள இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர்னு கூப்பிடுறோமே சார், பிரேக்க பாக்காம போனா எப்படி?

எனக்கு அடுத்த எஃப்சி ஆவணி கடைசில வருது. இந்த தடவ மொதல்ல நாலு டிரம்மையும், தப்பு தப்பு, முன்னாடி டிஸ்க், பின்னாடி ரெண்டு டிரம்மையும் கழட்டி பாத்துட்டுதான் பெயிண்டர்கிட்ட போவேன். தீயணைக்கிற சிலிண்டர் சொந்தமா வாங்கிட்டேன், கடன் இல்ல. 56வது பிரிவ வக்கீல் சார்கிட்ட தமிழ்ல எழுதி வாங்கி லேமினேட் பண்ணி டேஷ்போர்டுல வச்சிருக்கேன். வண்டி சரியில்லேன்னா சண்டை போட மாட்டேன், ஒரு வெள்ள பேப்பரும் பேனாவும் நானே கொண்டு வர்றேன், ரெண்டு வரி எழுதி கையெழுத்து மட்டும் போட்டு குடுங்க.

இப்படிக்கு,
லைன்ல மூணாவதா நிக்கிற குட்டி யானைக்காரன்