அலுவலகப் பயணத்துக்குக் கேட்டவருக்குப் பந்தயப் பெடல்: விலையைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணைய விற்பனைப் பிரிவு.

நாள்: 05.08.2024

பொருள்: ஷூவைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் கிளிப்லெஸ் வகைச் சைக்கிள் பெடலில், பயன்பாட்டுக்குப் பொருந்தாததைப் பரிந்துரைத்து விற்றது, திரும்பப் பெற மறுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மே மாதம் 28ஆம் தேதி தங்கள் இணையக் கடையில் கிளிப்லெஸ் பெடல் ஒரு ஜோடியும், அதற்குரிய ஷூவும், ஷூவின் அடியில் பொருத்திப் பெடலில் பூட்டும் துண்டான கிளீட்டும் சேர்த்து 11,400 ரூபாய்க்கு வாங்கினேன். பொருள் உடைந்தோ பழுதாகவோ வந்து சேரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதற்காக வேண்டும் என்று நான் விளக்கிக் கேட்ட பிறகும், அதற்குப் பொருந்தாத வகையைப் பொருத்தமானது என்று சொல்லித் தங்கள் ஆலோசகர் விற்றார் என்பதே என் புகார்.

நான் செங்கோட்டையில் குடியிருந்து, கேரள எல்லைக்குள் ஆரியங்காவில் உள்ள ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். வாரத்தில் நான்கு நாளாவது சைக்கிளில்தான் போய்வருகிறேன். புளியரை தாண்டியதும் எஸ் வளைவில் ஏற்றம் தொடங்கிவிடும். மிதிக்கும்போது, அதுவும் மழையில், கால் பெடலிலிருந்து வழுக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வகைப் பெடலைத் தேடினேன். ஆனால் அதே சாலையில் சோதனைச் சாவடிகளில் காய்கறி லாரியும் பால் வண்டியும் வரிசைகட்டி நிற்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். ஒரு பயணத்தில் எத்தனை முறை காலைத் தரையில் ஊன்ற வேண்டியிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. சில நாள் இறங்கி, சைக்கிளைச் சேற்றோரமாக உருட்டிக்கொண்டு நடக்க வேண்டியும் வரும். இவ்வளவையும் தங்கள் ஆலோசகரிடம் அரட்டைப் பெட்டியில் எழுதினேன். அந்த உரையாடலின் நகலை இணைத்துள்ளேன். அவர் இரண்டே வரியில், தினசரி அலுவலகப் பயணத்துக்கு இதுவே ஏற்றது என்று பதிலளித்து, ஷூவில் மூன்று போல்ட்டால் முடுக்கும் கிளீட் கொண்ட சாலைப்பந்தய வகையைச் சுட்டினார். அந்தப் பொருளின் பக்கத்திலும் ‘அன்றாடப் பயணத்துக்கு’ என்ற அடைமொழி இருந்தது. அந்தப் பக்கத்தின் படத்தையும் இணைத்துள்ளேன்.

கிளிப்லெஸ் என்ற பெயரே புதியவரைக் குழப்பக்கூடியது. காலை வார்போட்டுக் கட்டும் பழைய கூண்டுதான் கிளிப். அது இல்லாததால் இப்பெயர். மற்றபடி இது காலை அதைவிட உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். அப்படியிருக்க, எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்பதை வாங்குபவரின் ஊகத்துக்கு விட முடியாது. விற்பவர்தான் விளக்கியாக வேண்டும். பிரான்ஸின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குப் பலகையின் பூட்டுகளைச் செய்துவந்த அனுபவத்தைக் கொண்டு 1984இல் கொண்டுவந்த பெடலின் வழியில் வந்ததே இன்றைய மூன்று போல்ட் வகை. 1985இல் சைக்கிள் வீரர் பெர்னார் இனோ அத்தகைய பெடலை மிதித்துத்தான் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். ஏறினால் எல்லைக்கோடு வரை இறங்காதவருக்கு உரியது அது. 1990இல் ஷிமானோ நிறுவனம் வெளியிட்ட எஸ்பிடி என்ற இரண்டு போல்ட் வகையோ மலைப்பாதைச் சைக்கிளுக்காக, இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதன் கிளீட் சிறியது, உலோகத்தாலானது, ஷூவின் அடிப்பகுதியில் ஒரு குழிக்குள் அடங்கிவிடும். எனவே நடக்கும்போது ரப்பர்தான் தரையில் படும். ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் பூட்டுடனும் வரும் பெடல்களும் இவ்வகையில் உண்டு. சாவடி நெருங்கும்போது தட்டைப் புறத்தில் காலை வைத்துக்கொண்டால் போதும். என் கேள்விக்கு உரிய பதில் அதுதான்.

நீங்கள் அனுப்பியதில் பிளாஸ்டிக் கிளீட் ஷூவின் அடியில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அலுவலகத்தின் ஈர டைல்ஸ் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். ஜல்லியில் நடந்து நடந்து நான்கே வாரத்தில் முன்விளிம்பு தேய்ந்துவிட்டது. பெடலுக்குப் பூட்டு ஒரு புறம்தான். வண்டி நகரும் ஒவ்வொரு முறையும் நுனிக்காலால் அதைப் புரட்டித் தேட வேண்டும். சாரல் காலத்தில் கிளீட்டில் சேறு அப்பிக்கொண்டால் பூட்டு விழுவதே இல்லை.

ஜூன் 19ஆம் தேதி புளியரைச் சாவடி அருகே முன்னால் சென்ற பால் வண்டி சட்டென்று நிற்க, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் காலை விடுவிப்பதற்குள் இடப்புறம் சாய்ந்து விழுந்தேன். முழங்கை சிராய்ந்தது, வலப்புறம் விழுந்திருந்தால் லாரிச் சக்கரம் இருந்தது. நியாயமாகச் சொல்வதென்றால், புதிதாகப் பழகுபவர் எந்தப் பூட்டுப் பெடலிலும் ஒருமுறை விழக்கூடும். ஆனால் அப்படி விழாமலிருக்க, பூட்டின் இறுக்கத்தைத் தொடக்கத்தில் ஆகக் குறைவாக வைக்க வேண்டும், அதற்கென்று பெடலில் ஒரு திருகு இருக்கிறது என்பதை எழுதிய கையேடு பெட்டியில் இல்லை. செங்கோட்டையில் எங்கள் சைக்கிள் கடைக்காரர்தான் ஆலன் சாவியால் அதைத் தளர்த்தித் தந்தார். ஷூவைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில், இதை மாட்டிக்கொண்டு செக்போஸ்டில் எப்படி நிற்பீர்கள் என்று கேட்டவரும் அவர்தான். தங்கள் ஆலோசகருக்குத் தோன்றாத கேள்வி அது.

ஜூன் 24ஆம் தேதி நான் அனுப்பிய புகாருக்கு ஏழு நாள் கழித்துப் பதில் வந்தது. பழகப் பழகச் சரியாகிவிடும், பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றிருந்தது. பழக்கத்தால் கால் வேகமாக விடுபடலாம். பிளாஸ்டிக் தேயாமல் இருக்குமா? பிறகு சமாதானமாக இரண்டு போல்ட் கிளீட் ஒரு ஜோடியை இலவசமாக அனுப்பினீர்கள். அதைப் பொருத்த என் ஷூவில் இடமில்லை, பொருத்தினாலும் இந்தப் பெடல் அதைப் பிடிக்காது. தாங்கள் விற்கும் பொருள் எதனோடு சேரும், எதனோடு சேராது என்பதே தங்கள் அலுவலகத்தில் தெரியவில்லை என்றுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள், 2020இன்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தரப்பட வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. பயன்படுத்தியதால் பெற மாட்டோம் என்பது இங்கே பொருந்தாது; பயன்படுத்தாமல் இதன் பொருந்தாமையை நான் அறிந்திருக்க வழியில்லை.

ஆகவே பெடல், ஷூ, கிளீட் மூன்றையும் தங்கள் செலவில் எடுத்துச்சென்று 11,400 ரூபாயையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அல்லது, ஒருபுறம் தட்டையான இரண்டு போல்ட் பெடலையும் அதற்கேற்ற ஷூவையும் மாற்றாகத் தந்து, விலை வித்தியாசத்தைத் தீர்த்தாலும் ஏற்றுக்கொள்வேன். இரண்டில் எதைச் செய்தாலும் அந்தப் பக்கத்திலுள்ள ‘அன்றாடப் பயணத்துக்கு’ என்ற சொல்லை நீக்கியாக வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அனுமதிப்பதுபோல, நான் குடியிருக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இணைப்பு: ரசீது, அரட்டை உரையாடலின் நகல், பொருள் பக்கத்தின் படம், தேய்ந்த கிளீட்டின் படங்கள் இரண்டு.

இங்ஙனம்,
(ஒப்பம்)