ஞாயிறு கலந்துரையாடல்: மினெட் டி சில்வா

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு, பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் 1948-இல் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண்ணான இலங்கைக் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வாவைப் பற்றிப் பேசவிருக்கிறோம். இலங்கையின் நவீனக் கட்டடக்கலை என்றதும் ஜெஃப்ரி பாவாவின் பெயரே முந்திக்கொள்கிறது. ஆனால் பாவா 1957-இல் கட்டடக்கலைஞராகத் தகுதி பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கண்டிப் பகுதியின் பாரம்பரியக் கைவினையான தும்பறைப் பாய் நெசவைக் கதவுகளில் பதித்து, உள்ளூர்க் கைவினைஞர்களின் சுடுமண் ஓடுகளையும் சேர்த்து, கண்டியில் கருணாரத்ன இல்லத்தை மினெட் கட்டி முடித்திருந்தார். கண்டியின் வட்டபுலுவ குடியிருப்புத் திட்டத்திலோ, குடிவரவிருந்தவர்களிடமே வினாத்தாள் கொடுத்துத் தேவைகளைக் கேட்டறிந்தார். இவரை 'பாவாவின் முன்னோடி' என்ற ஒற்றை வரியில் அடக்கிவிடும் விமர்சனம் எனக்கு உடன்பாடானதல்ல. அந்தப் பாய்களை முடைந்தவர்களின் பெயர்கள் கட்டுரைகளில் ஏன் இடம்பெறுவதில்லை என்பதையும் விவாதிப்போம். கருணாரத்ன இல்லத்தின் தரைத்தள வரைபடத்தை அச்செடுத்து வாருங்கள்.