திருவா, தோழரா?

அன்புள்ள மணி,

ஆறு மாதமாக எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மூட்டுவலி அப்படியேதான், மற்ற எல்லோரும் நலம்.

அண்ணாச்சி போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை. உனக்குச் சேதி வந்திருக்கும். நான் புலம்ப வந்தது போஸ்டரைப் பற்றி. பஸ் ஸ்டாண்டு ஈபி கம்பத்தில், பசைகூடக் காயாமல், 'திரு.' என்று போட்டு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தையும் ஒட்டிவிட்டார்கள். அறுபது வருஷம் முன்னால் அவர் கழற்றி எறிந்த பட்டம்! மூத்தவனைக் கேட்டேன். "தோழர்னு போட்டா சம்பந்தி வீட்ல ஒரு மாதிரி பார்ப்பாங்க மாமா" என்கிறான்.

நினைவிருக்கிறதா? "அண்ணாச்சின்னு கூப்பிட்டா டீக்காசு உன்னுது, தோழர்னா என்னுது" என்பார். நமக்குத்தான் கடைசிவரை வாய் வரவில்லை, காசும் போனது.

அன்று ராத்திரி தூக்கமில்லை. சுந்தரருக்குத் 'தம்பிரான் தோழர்' என்று பெயர். அந்த உரிமையில்தானே மனைவி பரவையாரைச் சமாதானம் செய்யச் சிவனையே தூது அனுப்பினார்! தோழர் என்றால் கும்பிடுகிற உறவு இல்லை, வேலை ஏவுகிற உறவு. மாவட்டச் செயலாளரையே பீடி வாங்க அனுப்பியவர் அண்ணாச்சி. 1932இல் ரஷ்யா பார்த்துவிட்டு வந்த பெரியார், ஸ்ரீயும் திருவாளரும் வேண்டாம், எல்லோரும் தோழர்தான் என்றார். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது நம் ஊரில் இரண்டு பக்கமும் ஒரே டீக்கடையில் உட்காரவில்லை. ஆனால் வசவு நோட்டீஸில்கூட 'தோழர் இன்னார்' என்றுதான் அடித்தார்கள். இப்போது பேரனின் சிநேகிதர்கள் பெயர் மறந்தவனையெல்லாம் தோழர் என்கிறார்கள், 'ப்ரோ' மாதிரி. அதுகூடப் பரவாயில்லை. வாழ்நாளெல்லாம் அப்படியே இருந்தவருக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

காம்ரேட் என்ற சொல்லுக்கு வேர் ஸ்பானிய மொழியில் இருக்கிறது: ஒரே அறையில் தங்குகிறவன். அந்தக் கணக்கில், திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று வருஷம் என் சோப்பைத் தேய்த்த நீதான் எனக்கு முதல் காம்ரேட்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதினாறாம் நாள் பத்திரிகையின் புரூஃபைப் பிழை பார்க்க என்னிடம்தான் கொடுத்தான். பட்டத்தை அடித்தேன், 'திரு.'வையும் அடித்துத் 'தோழர்' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். எதை அச்சடிப்பானோ தெரியாது. சண்டை வந்தால் துணைக்கு ஆள் வேண்டும், நீ வா.

சோப்பு கொண்டு வா.

உன்,
பழைய அறைக்காரன்