செல்விக்கு: ஊசி, மாத்திரை, டிஎன்ஏ

ரங்கூன்

அன்புள்ள மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. ஒரே ஊசியில் இழுப்பைப் போக்கும் டிஎன்ஏ மருந்து வந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். இன்னும் வரவில்லை அம்மா. அதை நம்பி நீ தடுப்பு இன்ஹேலரை விட்டுவிடக்கூடாது, அதனால்தான் இந்தக் கடிதம் நீள்கிறது.

அலர்ஜியைத் தூண்டும் வெள்ளணுக்களுக்கு ஜிஏடிஏ3 என்ற மரபணுதான் விசை. அது புரதமாக மாறுவதற்கு முன்பே, அதன் ஆர்என்ஏ நகலைக் கத்தரிக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு ஒன்றைச் செய்தார்கள். 2015-ல் அதன் சோதனை முடிவு வெளியானது. லேசான ஆஸ்துமா உள்ள 40 பேர் அதில் சேர்ந்தார்கள். மருந்தை எடுத்தவர்கள் தினம் 10 மில்லிகிராம் வீதம் 28 நாள் மூச்சில் இழுத்தார்கள். அலர்ஜிப் பொருளை முகர்ந்து சில மணி நேரம் கழித்து வரும் இறுக்கம் 34 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் சேதிதான். ஆனால் ஒரு மாதச் சோதனையை வைத்து மருந்துக்கடைக்கு ஓட முடியாது. ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தப் புரதத்தோடு டிஎன்ஏ துண்டைக் கோத்துச் செய்த அலர்ஜி ஊசியும், 2006-ல் வெளியான 25 பேர் சோதனையில் நன்றாக வேலை செய்தது. பிறகு பெரிய சோதனையில் அந்தப் பலன் நிற்கவில்லை. முதல் சேதியைப் படித்துவிட்டு மனசைக் கொடுத்துவிடாதே என்பது இதற்காகத்தான்.

இப்போது டாக்டர் உனக்குச் சொன்ன தூசிப்பூச்சி மாத்திரைக்கு, அதாவது தூசிப்பூச்சி அலர்ஜிக்கு உடலைப் பழக்கும் மாத்திரைக்கு வருகிறேன். முதலில் தோல் சோதனைச் சீட்டை எடுத்துப் பார். அந்த மாத்திரையில் இருப்பது டெர்மட்டோஃபகாய்டஸ் வகைப் பூச்சிகள் இரண்டின் சாறு. சிங்கப்பூர், ரங்கூன் போன்ற ஈர ஊர்களில் ப்ளோமியா ட்ராபிகாலிஸ் என்ற இன்னொரு பூச்சியும் மெத்தையில் நிறைய. அந்தச் சோதனையில் உனக்கு முக்கியமாக ப்ளோமியாவுக்குத்தான் தோல் தடிக்கிறது என்றால், இந்த மாத்திரை உனக்கு எவ்வளவு உதவும் என்று டாக்டரிடம் நேராகக் கேள்.

முதல் மாத்திரையைக் கிளினிக்கிலேயே போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திரு. அது உறைய வைத்து உலர்த்திய மாத்திரை, ஈரக்கை பட்டால் கரைந்துவிடும். விரலை நன்றாகத் துடைத்துவிட்டு எடு. நாக்கின் அடியில் வைத்து ஒரு நிமிடம் விழுங்காதே, ஐந்து நிமிடம் தண்ணீர்கூட வேண்டாம். வாய் அரிப்பும் காது அரிப்பும் முதல் சில வாரங்களில் வந்து போகும். விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, நெஞ்செரிச்சல் விடாமல் இருந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். பல் பிடுங்கினால் ஒரு வாரம் நிறுத்து. நுரையீரல் பலத்தைப் பார்க்கும் ஊதும் சோதனையில் எண், உனக்கு இருக்க வேண்டிய அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும், கடந்த மூன்று மாதத்தில் கடுமையான இழுப்பு வந்திருந்தாலும் இதைத் தொடங்கவே கூடாது. பலன் தெரிய எட்டு முதல் பதினாலு வாரமாகும், மூன்று வருடம் விடாமல் போட வேண்டும்.

அதற்கும் அடங்காத கடுமையான ஆஸ்துமாவுக்குத்தான் ஓமாலிசுமாப் போன்ற ஊசிகள். ஓமாலிசுமாப், அலர்ஜியைக் கிளப்பும் ஐஜிஇ என்ற புரதத்தை இரத்தத்தில் சுற்றும்போதே பிடித்துவிடும். உடல் எடையையும் தொடங்கும் முன் இருந்த ஐஜிஇ அளவையும் வைத்து அளவு போடுவார்கள். ஊசி தொடங்கிய பிறகு ஐஜிஇ எடுத்தால் எண் ஏறியிருக்கும். மருந்தோடு ஒட்டிய ஐஜிஇயும் கணக்கில் வந்துவிடுவதால் அப்படி, நோய் முற்றியதால் இல்லை. அந்தப் புது எண்ணை வைத்து அளவை மாற்றக்கூடாது.

ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டான தின்ஜானுக்கு வருவதாகச் சொன்னாய். அப்போது நீ ஊசியில் இருந்தால், இங்கே எடுத்து வராதே. 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து அது, இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. புறப்படும் முன் அங்கேயே போட்டுக்கொண்டு, அடுத்த ஊசிக்குள் திரும்பும்படி டிக்கெட் எடு. மாத்திரையும் இன்ஹேலரும் கைப்பையில் இருக்கட்டும்.

உன் தலையணை உறைகளை அம்மா வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா