ஏப்ரல் 8 முழுச் சூரிய கிரகணம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா, 2024 மார்ச் 23

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். ஏப்ரல் 8, திங்கட்கிழமை பிற்பகல் நிகழவிருக்கும் முழுச் சூரிய கிரகணத்தின் உச்சமும் பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டதால், கல்விச் சபைகள் பல அன்றைய தினத்தைப் பாடசாலையற்ற நாளாக மாற்றியுள்ளன. பிள்ளைகள் அன்று உங்கள் பொறுப்பில் இருப்பார்கள் என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

நயாகராவில் 3.18 மணி தொடங்கி ஏறத்தாழ மூன்றரை நிமிடங்கள் சூரியன் முற்றாக மறையும். ஹமில்டனில் அது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஸ்காபரோவோ சூரியன் முற்றாக மறைவது தெரியும் பாதைக்கு, அதாவது நிலவின் முழு நிழல் விழும் பாதைக்கு, வெளியே இருக்கிறது. இங்கே 99 சதவீதத்துக்கும் மேல் மறையும் என்பதைக் கேட்டு, "கிட்டத்தட்ட முழுவதும்தானே" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கூறினார்கள். அவ்வாறு எண்ணுவதுதான் ஆபத்து. எஞ்சி நிற்கும் அந்த மெல்லிய பிறை முழுநிலவைவிட நூறு மடங்குக்கும் மேலான ஒளியுடையது. விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், கண் பழுதாகும்போது பிள்ளை அதனை உணரவும் மாட்டாது. பாதைக்குள் இருப்பவர்கள் சூரியன் முற்றாக மறைந்த நிமிடங்களில் மட்டும் கிரகணக் கண்ணாடியைக் கழற்றலாம், ஸ்காபரோவில் 2.05 முதல் 4.31 வரை அதனைக் கழற்றிப் பார்க்கக்கூடிய கணம் ஒன்றுகூட இல்லை.

கறுப்புக் கண்ணாடி, பழைய எக்ஸ்ரே படம், மஞ்சள் கரைத்த தண்ணீர் ஆகியவை வேண்டாம். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைநோக்கி வழியாகப் பார்ப்பதும் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு வடை பொரித்தெடுக்கும் துளைக்கரண்டியே போதும்: சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, வெள்ளைத் தாளுக்கு மேலே அரை மீற்றர் உயரத்தில் அதனைப் பிடித்தால், துளைக்கு ஒரு குட்டிப் பிறை தாளில் விழும். 2017 ஆகஸ்டில் இங்கே பகுதிக் கிரகணம் தெரிந்தபோது என் வீட்டு முற்றத்தில் அவ்வாறுதான் பார்த்தோம்.

கிரகண வேளையில் உண்ணாதிருப்பதும் பின்னர் நீராடுவதும் அவரவர் வீட்டு வழக்கம்; அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பிள்ளைகளை அறைக்குள் பூட்டிவைக்க வேண்டாம் என்று அம்மம்மாமாரையும் அப்பம்மாமாரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 1955 ஜூன் 20 அன்று மட்டக்களப்பில் காலையிலேயே இருள் கவிந்ததை நம் மாணவி ஒருவரின் தாத்தா இன்றும் விவரிக்கிறார். இப்பகுதிக்கு அடுத்த முழுக் கிரகணம் 2144இல்தான். இயலுமானவர்கள் காலையிலேயே நயாகராப் பக்கம் புறப்படுங்கள். திரும்பும்போது நெடுஞ்சாலை நெரியும் என்பதால் தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.

சூரியனை நேரே பார்ப்பதற்கான சர்வதேசத் தரமாகிய ஐஎஸ்ஓ 12312-2க்கு அமைந்த கிரகணக் கண்ணாடிகள் ஏப்ரல் 6, சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொன்றாக வழங்கப்படும். பிள்ளைகளின் கையில் கொடுக்க மாட்டோம். பெற்றோரில் ஒருவர் உள்ளே வந்து, கீறலோ துளையோ இல்லை என்பதை விளக்கொளியில் பார்த்துப் பெற்றுக்கொள்ளவும்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்
வார இறுதித் தமிழ்ப் பாடசாலை