பிளாக்குன்னா எந்த பிளாக்கு

மாப்ள,

வூட்டுல எல்லாரும் சொகந்தான? இங்க மழை பரவால்ல, மஞ்சக்காடு பச்சப்பசேல்னு நிக்குது.

உன்ற மாமனாருக்கு ஹெர்னியா ஆபரேசனுக்கு முன்னால எடுத்த ஈசிஜில லெஃப்ட் பண்டில் பிராஞ்ச் பிளாக்குன்னு வந்திருக்கு, அடச்ச ரத்தக்குழாய விரிச்சு வெக்கற ஸ்டென்ட் வெச்சிரலாமான்னு கேட்டிருந்த. அதப் படிச்சதும் மாசில அய்யனுக்கு ஹார்ட் அட்டாக் வந்ததுதான் கண்ணு முன்னால வந்துச்சு, போன்ல அன்னிக்கு உன்கிட்ட பாதிதான் சொன்னேன்.

விடியால பால் பீச்சிட்டிருந்தவரு மேவயிறு வலிக்குதுன்னு வந்து திண்ணைல உக்காந்தாரு, ஒரே வேர்வ, ரெண்டு வாட்டி வாந்தி, அம்மா கேஸ்தான்னு இஞ்சி தட்டிப் போட்டாங்க. நா கையப் புடிச்சுப் பாத்தா நாடி நிமிசத்துக்கு 36, எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அவரு நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடில வெக்கற மாத்திரைய எடுத்துட்டு ஓடியாந்தாரு, அதுக்குள்ள நாங்க வண்டில ஏத்திட்டோம். நல்லவேளை. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஈசிஜி எடுத்த டாக்டரம்மா பிரசர் 80தான் இருக்கு, அந்த மாத்திர வெச்சிருந்தா இன்னும் எறங்கியிருக்கும்னாங்க. ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் மூணையும் அங்கயே மொத்தமா குடுத்துட்டாங்க. 2023ல கவர்மெண்டு இதயம் காப்போம்னு கொண்டாந்தாங்கல்ல, அதுலருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இத வெச்சிருக்காங்க, நீயும் ஊருக்கு வந்தா ஞாபகம் வெச்சுக்க.

108ல கோயமுத்தூர். இதயத்துக்குப் போற வலப்பக்கத்து ரத்தக்குழா முழுசா அடச்சிருந்துச்சு. தொட வழியா, கரண்டு குடுத்து இதயத்த துடிக்க வெக்கற டெம்பரரி பேஸ்மேக்கர் வயர விட்டு, அப்பறம் ஸ்டென்ட் வெச்சாங்க. வெளிய வந்து டாக்டர் சொன்னாரு, அடைப்ப எடுத்தாச்சு, ஆனா கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் இன்னும் இருக்குன்னு. ஒறம்பரை பூரா கொழம்பிப் போச்சு. பெரியப்பா நேராவே கேட்டுட்டாரு, "ஏனுங் டாக்டர், பிளாக்க எடுத்தாச்சுன்னு சொல்லிப்போட்டு மறுக்காவும் பிளாக்குங்கறீங்களே?"

அவரு கோவிச்சுக்கல, உக்காந்து காயிதத்துல வரஞ்சு காட்டுனாரு. நாம ஊர்ல பிளாக்குன்னு சொல்றது குழாயில வர்ற அடைப்பு. இது கரண்டு போற பாதைல வர்ற தடை. கெணத்து மோட்டாருக்கு பைப்பு அடச்சுக்கறது வேற, ஸ்டார்ட்டருக்கு கரண்டு வராம நிக்கறது வேற. ஒரே பேரு, ரெண்டு சீக்கு.

அப்பறம்தான் பெரிய பேச்சு. நெரந்தர பேஸ்மேக்கரே வெச்சிரலாம், பணத்த பத்தி யோசிக்காதன்னு பங்காளிக எல்லாரும் என்ன நெருக்கறாங்க. டாக்டரு வேண்டாம், பொறுங்கன்னாரு. இதயத்துல மேலறைலருந்து கீழறைக்கு கரண்டக் கடத்தி வுடற எடம்தான் ஏவி நோடாம், பத்துல ஒம்போது பேருக்கு அதுக்கு ரத்தம் அந்த வலப்பக்கத்து குழாயிலருந்துதான் போகுதாம், அது அடச்சதுனால நோடு பட்டினியா கெடந்திருக்கு, செத்துப் போகல, ரத்தம் போனா சில நாள்ல தானா எந்திரிச்சுக்கும், கொறஞ்சது 5 நாளாவது பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும்னாரு. வைத்தியம்னா ஏதாவது செய்யறதுன்னுதான் நா நெனச்சிருந்தேன் மாப்ள, அந்தக் காத்திருப்பும் வைத்தியம்தான்னு அந்த ஐசியூ வாசல்லதான் புரிஞ்சுச்சு.

நம்ம கூட படிச்சவனோட அண்ணன் அட்டாக்ல தவறிப் போனாருல்ல, பேஸ்மேக்கர லேட்டா வெச்சதாலதான்னு இத்தன வருசமா நாம பேசிட்டிருந்தோம். அதயும் கேட்டேன். அவருக்கு வந்தது முன்பக்கத்து அட்டாக். எடப்பக்கம் எறங்கற பெரிய குழா அடச்சா இதயத்தோட நடுச்செவுத்துக்குள்ள ஓடற கரண்டு வயரே கருகிருமாம், அங்க பிளாக் வந்துச்சுன்னாலே தசை ரொம்ப போயிருச்சுன்னு அர்த்தம், பேஸ்மேக்கர் துடிப்பக் குடுக்கும், போன தசையத் திருப்பிக் குடுக்காது. ராத்திரி பூரா தூக்கம் வரல எனக்கு. அவுங்கம்மாகிட்ட இத எப்பிடியாவது பக்குவமா சொல்லோணும்.

நாலாவது நாள் காலைல மெசின் ரேட்ட கொறச்சுப் பாத்தாங்க, அய்யனோட சொந்தத் துடிப்பு 68ல ஓடுது. அடுத்த நாள் வயர உருவிட்டாங்க.

உன்ற மாமனாருக்கு வந்திருக்கறதும் கரண்டுப் பாதை சங்கதிதான், அந்த ஒரு வார்த்தைக்காக ஸ்டென்ட் வெக்க முடியாது. நெஞ்சுவலி இல்லீங்கற, அப்ப மொதல்ல எக்கோங்கற இதய ஸ்கேன் எடுத்து தசை பலம் எப்பிடின்னு பாக்கச் சொல்லு, ரொம்ப வருசத்து பிரசர்லயும் இது வரும். அந்த ஈசிஜிய போட்டோ புடிச்சு எல்லார் போன்லயும் வெய்யி. முன்னெல்லாம் நெஞ்சுவலியோட புதுசா இந்த பிளாக் வந்தாலே அட்டாக்குன்னு வைத்தியம் பண்ணுவாங்களாம், 2013ல அமெரிக்க வழிகாட்டுதல்ல அது மட்டும் போதாதுன்னு மாத்திட்டாங்க, அதனால நாளைக்கு ஏதாச்சும்னா பழசா புதுசான்னு தெரியறதுக்கு இந்த ஈசிஜி வேணும். அதுக்காக பழசுதானேன்னு வூட்டுலயே இருந்தறாதீங்க, வலி வந்தா உடனே கெளம்போணும்.

எக்கோ ரிப்போர்ட் வந்ததும் அனுப்பு. வெள்ளிக்கெழம அய்யன ரிவ்யூக்கு கூட்டிட்டுப் போறேன், அந்த டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டுட்டு ராத்திரி கூப்படறேன்.