காலடிப் பாறையும் நம் கவலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இதழில் வந்த சிங்கப்பூர்த் தண்ணீர்க் கட்டுரையில், "நிலத்தடி நீர் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம்" என்று ஒரு வரி. மலேசியாவின் ஜோகூரிலிருந்து வரும் நீர், நீர்த்தேக்கம், கழிவுநீரைச் சுத்திகரித்த புதுநீர், உப்பு நீக்கிய கடல்நீர் என நாலையும் எண்ணிவிட்டு, மண்ணுக்கு அடியில் இருப்பதை அந்த ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். மண் ஆய்வுத் தளங்களில் துளைபோட்டே பிள்ளைகளை வளர்த்த எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

எடுத்த பாறைத் துண்டுகளை, ஆழத்தை எழுதி, மரப்பெட்டியில் வரிசையாக அடுக்குவோம். புக்கிட் தீமாவில் கருங்கல், ஜூரோங்கில் மணற்கல். காலாங் பக்கம் அல்வா போல வழுகும் சாம்பல் நிறக் கடற்களிமண். பக்கத்தில் சுரங்கம் தோண்டி நிலத்தடி நீர் வடிந்தால் அந்தக் களிமண் சுருங்கும்; நிலம் இறங்கும்; கட்டடத்தில் விரிசல் விழும். கட்டட, கட்டுமான ஆணையம் தீவெங்கும் ஆழத் துளையிட்டு நிலவியல் வரைபடத்தைப் புதுப்பித்தது தங்களுக்குத் தெரியாததல்ல. செம்பவாங் வெந்நீர் ஊற்றில் கால் நனைக்க நம் குடும்பங்கள் போகின்றன. அது ஆழத்துப் பாறையில் சூடேறி வெடிப்பு வழியே மேலேறும் நிலத்தடி நீர் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே?

துளைபோடும் தமிழ் ஊழியர்களைப் பற்றிச் செய்தி வருவது விபத்து நடந்தால், இல்லையென்றால் பொங்கல் விருந்தில். எங்கள் வேலையைப் பற்றி முன்பு நானே ஒரு கட்டுரை அனுப்பினேன். கிடைத்தது என்றுகூடப் பதில் இல்லை.

ஊர்க் கதையையும் சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கம் என் தம்பி, தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இடத்தில் போர் போட்டான். வெறும் புழுதி. நான் அனுப்பிய பணம் அத்தனையும் அந்தக் குழிக்குள் போயிற்று. தமிழகத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி நிலம் கடினப்பாறை. அதில் தண்ணீர் சிதைந்த மேலடுக்கிலும் பாறை வெடிப்பிலும்தான் நிற்கும். எங்கே நிற்கிறது, எவ்வளவு இறைக்கலாம் என்று அறியத்தான் இந்தியாவின் மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012 முதல் நாடு முழுவதும் நீர்தாங்கிப் பாறைகளை வரைபடமாக்கியது. முன்னோடி ஆய்வு நடந்த இடங்களில் கடலூர் மாவட்ட வெள்ளாற்றுப் பகுதியும் ஒன்று. போர் போட ஊருக்குப் பணம் அனுப்பும் உங்கள் வாசகர்களுக்கு இதுவா சம்பந்தமில்லாத விஷயம்?

மாணவர் பக்கத்தில் சிங்கப்பூர்ப் பாறை வரைபடத்தை வண்ணத்தில், தமிழ்ப் பெயர்களோடு அரைப்பக்கம் போடுங்கள். பெயர்களைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
மண் ஆய்வுத் தொழிலாளி,
உட்லண்ட்ஸ்